முயல் காது கேமரா

வாங்க தம்பி, உக்காருங்க. முதல் மாடி வீட்டுச் சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. அவன் டீ குடிக்கப் போயிருக்கான். அவன் டீ குடிக்கப் போனான்னா தேயிலை பறிச்சுக் காயவச்சுக் குடிச்சிட்டுத்தான் வருவான். அந்த சேரை இழுத்துப் போட்டுக்குங்க. கால் ஒண்ணு ஆடும், பாத்து. நான் தணிகாசலம். ரெண்டாவது மாடி. சர்வே டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டையர் ஆனவன். இந்த கற்பகம் ஃப்ளாட்ஸுக்கு செக்ரட்டரி. இருந்தேன். சித்திரை மாசம் வரைக்கும் இருந்தேன்.

கையில என்ன பார்சல்? பாப்பாவுக்கா? அட்டையில படம் போட்டிருக்கே, காட்டுங்க. அடடா. ரோஸ் கலரு, முயல் காது. இதேதான் தம்பி, இதேதான். பிரிக்கலையே? நல்லதாப் போச்சு, அப்படியே திருப்பி அனுப்பிடுங்க. பிரிக்காத வரைக்கும் எடுத்துப்பாங்க.

ஏன்னா கேக்கறீங்க? இது கேமரா இல்ல தம்பி. பிளாஸ்டிக் டப்பா. முன்னாடி ஒரு சட்டை பட்டனை ஒட்டி அதுக்கு லென்சுன்னு பேர் வச்சிருக்கான். பக்கத்துல இருக்கறது தெரியாது, தூரத்துல இருக்கறது கஞ்சி மாதிரி இருக்கும், நடுவுல இருக்கறது ஆடும். வெயில்ல எடுத்தா வெள்ளை, நிழல்ல எடுத்தா கருப்பு. இதுல வீடியோ வேற. அட்டையில என்ன எழுதியிருக்கான் பாருங்க, 'குழந்தைகளின் கற்பனைத் திறனை வளர்க்கும்'. வளரத்தான் வளரும். எடுத்தது மாடா மனுஷனான்னு கற்பனை பண்ணிக்கிட்டே இருக்கணும்ல?

நான் நிலம் அளக்கற தியோடலைட் கருவியில கண்ணை வச்சு முப்பது வருஷம் பாத்தவன். மலை உச்சியில நடற கம்பு அங்குலம் பிசகாம தெரியும். அந்தக் கண்ணுக்கு இந்த டப்பாவைக் காட்டினா எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்க. இன்னொரு கூத்து, இது எடுக்கற எல்லாத்துக்கும் சுத்தி பார்டர் போட்டு விடும். பூவு, நட்சத்திரம், சிவப்பு சிவப்பா இதயம். யாரை எடுத்தாலும் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். குழந்தைக்கு ஒண்ணை வாங்கிக் குடுக்கறதுன்னா நல்லதா வாங்கிக் குடுக்கணும், இல்ல சும்மா இருக்கணும். என் கட்சி அதுதான்.

நான் சும்மா சொல்லல. அனுபவம். இந்த ஒரு டப்பாவால இந்த வருஷக் கோடை எனக்கு எப்படிப் போச்சுன்னு சொல்றேன் கேளுங்க. வாட்ச்மேன் இப்ப வரமாட்டான்.

மூணாவது மாடியில எஸ்தர்னு ஒரு அம்மா. நாகர்கோவில் பக்கம். வாடகைக்கு இருக்காங்க. வாடகைன்னா தப்பா நினைக்காதீங்க, நீங்களும் வாடகைக்குத்தான் வரீங்க, நான் பொதுவா சொல்றேன். வீட்டுக்காரர் கத்தார்ல. இந்தம்மா ரெண்டு தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துல வேலை. வெறும் வயித்துல ரத்தம் குடுக்கறவங்க விடியறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்களே, அதனால இருட்டோட கிளம்பி நடந்தே போயிடுவாங்க. ஒரே பொண்ணு, ஷைனி. எட்டு வயசு இருக்கும். ஸ்கூல் அந்தப் பக்கத்துத் தெருவுலயே. எதிர்வீட்டு அம்மா கிளப்பி விட்டுடுவாங்க.

அந்தப் பொண்ணுக்கு அவங்கப்பா கத்தார்ல இருந்து ஆர்டர் போட்டு அனுப்பினது இந்த டப்பா. அன்னையில இருந்து ஃப்ளாட்ஸ்ல ஒரு மனுஷன் நிம்மதியா குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல. எறும்பு போனா படம். கொடியில துணி ஆடினா படம். வாட்ச்மேன் சோறு திங்கறதை ஒரு நாள் பூரா எடுத்திருக்கா. அவனும் கேமராவுக்காக மெதுவா மென்னிருக்கான், மடையன்.

எங்கிட்டயும் வந்தா. "செக்ரட்டரி தாத்தா, உங்களை எடுக்கட்டுமா?"ன்னா. "இதுல எடுத்தா நான் தாத்தாவா தெரிய மாட்டேன், தாத்தாவோட துணி மூட்டையாத்தான் தெரிவேன், போ"ன்னேன். அவ சிரிக்கல. "கிட்ட வந்தா தெரிவீங்க"ன்னா. எட்டு வயசுக்கு வாயைப் பாருங்க.

இருக்கட்டும். தண்ணிக்கு வரேன்.

இங்க எட்டு வீடு. மொட்டை மாடியில எட்டு டேங்க். கீழ சம்ப்ல லாரித் தண்ணி இறங்கும், மோட்டார் போட்டு ஏத்தணும். மாடிப்படிக்குப் பின்னாடி ஒரு சந்து இருக்கு பாருங்க, அங்க வரிசையா எட்டு வால்வு. வீட்டுக்கு ஒண்ணு. எதை மூடினா எந்த வீட்டுக்குப் போகாதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாம இருந்துச்சு. நான்தான் மஞ்ச பெயிண்ட்ல பெரிசா நம்பர் எழுதினேன், யார் பாத்தாலும் பளிச்சுனு தெரியணும்னு. மோட்டார் ரூம் சாவி செக்ரட்டரிகிட்டதான் இருக்கும். விடியக்காலையில எழுந்து மோட்டார் போடறது நான்தான். எவனாவது ஒரு தேங்க்ஸ் சொல்லியிருப்பான்னு நினைக்கறீங்க?

இந்தக் கோடையில தண்ணி பத்தல. ஒரு வீட்டுல இருந்தா இன்னொரு வீட்டுல இல்ல. முதல் மாடியில குளிக்கப் போனவர் தலையில சோப்போட வெளியில வந்தாரு. எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமா பாக்க ஆரம்பிச்சாங்க. எங்க வீட்டுல மட்டும் குறையே இல்ல. எப்படின்னா சிக்கனம் தம்பி. என் சம்சாரம் சுலோச்சனா அவ்வளவு சிக்கனம். துணி அலசின தண்ணியில வாசல் தெளிப்பா. நான் அதை மீட்டிங்லயே உதாரணமா சொன்னேன். "எங்க வீட்டைப் பாருங்க, கத்துக்கங்க"ன்னு.

அப்புறம் யோசிச்சேன். எங்கயோ ஒழுகணும்ல? மூணாவது மாடியில வாஷிங் மெஷின் சத்தம் தினமும் கேக்குது. ரத்தம் எடுக்கற கை, வந்ததும் குளிக்கணும், கோட்டைத் துவைக்கணும், குழந்தையைக் குளிப்பாட்டணும். கூட்டிக் கழிச்சுப் பாத்தேன், அங்கதான் போகுது எல்லாம். மீட்டிங்ல எடுத்து வச்சேன். பொருளாளர் கோதண்டபாணி இருக்காரே, ஒண்ணாம் நம்பர் வீடு, அவர்தான் "அவங்க வீட்டுலயும் தண்ணி வரலைன்னு சொல்றாங்களே சார்"ன்னு இழுத்தாரு. "இல்லைன்னு சொல்றவங்கதான் அதிகம் பிடிக்கிறவங்க"ன்னேன். வீட்டு ஓனருக்குச் சொல்லி எஸ்தரம்மாவைக் காலி பண்ண வைக்கறதுன்னு முடிவாச்சு. சித்திரை ஒண்ணாம் தேதி ஆண்டு விழா, அது முடிஞ்சதும் எல்லாரும் லெட்டர்ல கையெழுத்துப் போட்டு ஓனருக்கு அனுப்பிடறதுன்னு பேச்சு.

அந்தம்மா என்னைத் தேடி வந்தாங்க. அழலை, அதை நான் சொல்லணும். "சார், நான் இருட்டுல நடந்து போற வேலை. தூரமா வீடு பாத்தா இந்த வேலை போயிடும். பாப்பாவை இவ்வளவு நம்பி விட எனக்கு வேற எடம் கிடையாது. தண்ணி வேணா குடத்துல தூக்கிக்கறேன், டேங்க்கே வேண்டாம்"னாங்க. நான் என்ன செய்யறது? பொது முடிவு. "என் கையில ஒண்ணும் இல்லம்மா"ன்னு சொன்னேன். அப்ப என் கையில மோட்டார் ரூம் சாவி இருந்துச்சு, சும்மா ஆட்டிக்கிட்டு இருந்தேன். அதை ஏன் சொல்றேன்னு தெரியல, ஞாபகம் வந்துச்சு.

ஆண்டு விழாவுக்கு வரேன். இதோ இந்த கார் நிறுத்தற எடத்துலதான். வீட்டுக்கு ஒரு பதார்த்தம், நீர்மோர், பானகம், குழந்தைங்க நிகழ்ச்சி. என் மச்சினன் மகன் ஆஃபீஸ்ல இருந்து புரொஜெக்டர் கொண்டு வந்தான். திரைக்கு வெள்ளைத் துணி வேணும்னாங்க. சலவையில இருந்து வந்த என் எட்டு முழ வேட்டியைக் குடுத்தேன். இங்கிருந்து அந்தத் தூண் வரைக்கும் இழுத்துக் கட்டினோம். ஒரு சுருக்கம் இல்ல. ஏற்பாடு பூரா நான்தான் தம்பி, மறந்துடாதீங்க.

குழந்தைங்க ஆடுச்சுங்க, பாடுச்சுங்க. ஷைனி முறை வந்துச்சு. மைக்கைப் பிடிச்சு, "நான் ஆடல. நான் ஒரு படம் எடுத்திருக்கேன்"ன்னா. எஸ்தரம்மா எழுந்து வந்து, "வேண்டாம் பாப்பா, இதெல்லாம் இவ்வளவு பெரிசுல நல்லா தெரியாது. அம்மாவுக்கு மட்டும் காட்டு"ன்னு கூப்பிட்டாங்க. நியாயமா அங்கயே முடிஞ்சிருக்கணும். நான்தான் விடலை. "இருக்கட்டும்மா, போடட்டும். இந்த மாதிரி டப்பாவுக்குக் காசைக் கொட்டறோமே, அதோட லட்சணத்தை நாலு பேர் பாக்கட்டும்"னு சொல்லி, நானே அந்த முயல் காதைத் திருகி மெமரி கார்டை எடுத்து, நானே கம்ப்யூட்டர்ல சொருகினேன். "சவுண்டை ஃபுல்லா வை"ன்னு மச்சினன் மகன்கிட்ட சொன்னதும் நான்தான்.

எனக்கு என்ன தோணுச்சுன்னு உள்ளதைச் சொல்லிடறேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு தோணுச்சு. பெரிய வேட்டி பூரா கஞ்சி ஓடும், நான் தியோடலைட் கதையை எடுத்து விடலாம்னு இருந்தேன்.

படம் ஆரம்பிச்சுது. சுத்தி இதயம் பார்டரு. அந்தப் பொண்ணு குரல் வருது, "பூனைக்குத் தண்ணி குடுக்கற தாத்தா. எடுத்தது ஷைனி." அம்மாவை வழியனுப்பக் கீழ வர்ற பொண்ணு, திரும்பி மேல போக வேண்டியதுதானே? படிக்குப் பின்னாடி பூனை குட்டி போட்டிருக்குன்னு அங்க போய்க் குந்தியிருக்கா, தினமும். பூனை தெரியுது. பூனைன்னா, சாம்பலா ஒண்ணு, அதுல ஒட்டிக்கிட்டு சின்னதா மூணு. அப்புறம் ஒரு டார்ச் வெளிச்சம். ரெண்டு கால். கட்டம் போட்ட லுங்கி.

கட்டம் போட்ட லுங்கி எத்தனை பேர் கட்டறான் தம்பி? மெட்ராஸ்ல பாதிப் பேர் கட்டறான்.

அந்த ஆளு குனிஞ்சு வால்வை ஒண்ணொண்ணா மூடறான். மூடறான்னு எப்படிச் சொல்ல முடியும், திருப்பறான். எந்தப் பக்கம் திருப்பறான்னு அந்தக் கேமராவுல தெரியுமா? தெரியாது. கடைசியா ஒண்ணைத் திறக்கறான். மோட்டார் சத்தம் வருது. திருப்பும்போது வால்வுக் கழுத்துல தண்ணி சொட்டி, கீழ குழியில தேங்குது. அந்த ஆளு தள்ளிப் போனதும் பூனைக்குட்டிங்க வந்து நக்கிக் குடிக்குதுங்க. அடுத்தது இன்னொரு நாள். வேற லுங்கி, அதே மாதிரி குனியறான். அதுக்கப்புறம் இன்னொரு நாள். அந்த ஆளு இருமறான். யாருக்குத்தான் இருமல் வராது? போன் பேசறான். "சுலோ, டேங்க் ரொம்பிடுச்சா பாரு. ரொம்பினப்புறம்தான் மத்ததைத் திறக்கணும்."

சுலோன்னு ஊர்ல ஒருத்திதான் இருக்காளா?

பாருங்க தம்பி, நியாயமா பேசுவோம். முகம் தெரியல. நம்பர் தெரிஞ்சுது, ஆனா அது அஞ்சா ஆறான்னு உறுதியா சொல்ல முடியாது. இந்த மாதிரி ஒரு படத்தை வச்சு நான் ஒரு எல்லைக்கல் நட்டிருந்தா மேலதிகாரி என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். மோட்டார் போடறவன் வால்வைச் சரி பாப்பான். சரி பாக்கறது வேலை. அதைக் குறை சொன்னா எப்படி?

ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நீர்மோர் ஊத்திக்கிட்டு இருந்த கோதண்டபாணி அப்படியே கரண்டியோட நிக்கறாரு. என் சுலோச்சனா திரையைப் பாக்கல, என்னைப் பாத்தா. என் வேட்டியில அந்த இதயத்துக்கு நடுவுல தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. எனக்குக் காது ரெண்டும் சுட்டுச்சு தம்பி. இந்த வயசுல, அத்தனை பேர் முன்னாடி.

அதுவும் பரவாயில்ல. படம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு மைக்கை விடலை. "நம்ம ஃப்ளாட்ஸ்ல யார் வீட்டுலயும் தண்ணியே இல்ல. எங்க வீட்டுல அம்மா பாட்டில் தண்ணியில எனக்கு முகம் கழுவி விட்டாங்க. ஆனா செக்ரட்டரி தாத்தா தினமும் யாருக்கும் தெரியாம எழுந்து வந்து பூனைக்குத் தண்ணி குடுக்கறாரு. அவர் சொல்லிக்கவே இல்ல. அதனால இந்தப் படத்துக்கு அவர்தான் ஹீரோ"ன்னா. சொல்லிட்டு நேரா என்கிட்ட வந்து, சட்டைப் பையில ஒரு நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டினா. ஒட்டிட்டுக் கையால அழுத்தியும் விட்டா, விழக் கூடாதுன்னு.

அவளுக்கு ஒண்ணும் தெரியல தம்பி. நான் அவ கண்ணை உத்துப் பாத்தேன். சத்தியமா ஒண்ணும் தெரியல.

எஸ்தரம்மா வந்து என்னைத் திட்டியிருக்கலாம். எதிர்பாத்தேன். பதில் கூடத் தயாரா வச்சிருந்தேன், லுங்கி பதில், இருமல் பதில் எல்லாம். அந்தம்மா பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு, "நல்லா எடுத்திருக்க பாப்பா. தாத்தாவுக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு வா, சாப்பிடலாம்"னாங்க. அவ்வளவுதான். மைக் ஆன்ல இருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுது. அந்தப் பொண்ணு "தேங்க்ஸ் தாத்தா"ன்னா. நான் "ம்"னேன். வேற என்ன சொல்றது?

கோதண்டபாணிதான் மெதுவா, "செக்ரட்டரி சார், அஞ்சாம் நம்பர் உங்க வீடுதானே?"ன்னாரு. "படம் கிளியரா இல்ல"ன்னேன். "இல்ல சார், நம்பர் கிளியரா இருக்கு. நல்லா பெரிசா எழுதியிருக்கீங்க"ன்னாரு. அப்படி ஒரு நக்கல் அந்த மனுஷனுக்கு.

காலி பண்ற பேச்சை அப்புறம் ஒருத்தரும் எடுக்கல. ஓனருக்கு ஒண்ணும் போகல. அதுக்குப் பதிலா என்னைக் காலி பண்ணிட்டாங்க, பதவியில இருந்து. வால்வுக்கு மேல இரும்புப் பெட்டி அடிச்சுப் பூட்டுப் போட்டாங்க. சாவி யார்கிட்ட தெரியுமா? எஸ்தரம்மாகிட்ட. எப்படியும் அந்த நேரத்துக்கு எழுந்து வேலைக்குப் போறவங்களாம், போகும்போது எல்லா வால்வையும் திறந்து மோட்டார் போட்டுட்டுப் போவாங்களாம், எதிர்வீட்டம்மா நிறுத்திக்குவாங்களாம். வாடகைக்கு இருக்கறவங்க கையில சாவி! இது எந்த ஊர் நியாயம்? இப்ப எல்லா வீட்டுலயும் தண்ணி வருதுன்னு பெருமை வேற. மழை பெஞ்சுது, வருது. எங்க வீட்டுலயும் வருது, இல்லைன்னு சொல்லல. சுலோச்சனா மட்டும் நான் தண்ணி கேட்டா டம்ளர்ல பாதிதான் ஊத்தறா. கேட்டா "சிக்கனம்"கிறா.

எல்லாத்துக்கும் இந்த டப்பாதான் காரணம். நல்ல கேமராவா இருந்திருந்தா அந்தப் பொண்ணு பூனையை மட்டும் அழகா எடுத்துட்டுப் போயிருப்பா. இதுல பூனையும் சரியா விழல, மனுஷனும் சரியா விழல, ஆனா விழக் கூடாதது மட்டும் எப்படி விழுந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல. இதைப் போய்க் குழந்தை கையில குடுக்கலாமான்னு நீங்களே யோசிங்க.

கதை அத்தோட முடிஞ்சிருந்தாலும் தாங்கியிருப்பேன். பூட்டுப் போட்ட மறுநாள், விடியல, யாரோ கதவைத் தட்டறாங்க. திறந்தா ஷைனி. கழுத்துல அந்த டப்பா, கையில ஸ்கூல் தண்ணி பாட்டில். "தாத்தா, அம்மா பெட்டியைப் பூட்டிட்டாங்க. இனிமே வெளிய சொட்டாது. பூனை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கும்ல? இந்தாங்க, இதுல ஊத்துங்க"ன்னு பாட்டிலை நீட்டறா. நான் "போம்மா, தூக்கம் வருது"ன்னேன். அவ போகல. நிக்கறா. உள்ள சுலோச்சனா புரண்டு படுக்கற சத்தம் கேட்டுச்சு. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டு இறங்கிப் போனேன்.

அன்னையில இருந்து தினமும் போறேன் தம்பி. போகாம என்ன செய்யறது, அந்த டப்பா ஓடிக்கிட்டு இருக்கே. ஒரு கொட்டாங்குச்சி வச்சிருக்கேன், அதுல ஊத்தறேன். குட்டிங்க இப்ப பெரிசாயிடுச்சுங்க, என் காலை உரசுதுங்க, சனியனுங்க. இவ படிக்குப் பின்னாடி குந்திக்கிட்டு எடுக்கறா. ரெண்டாம் பாகமாம். ஆனா ஒரு நாளாவது ஒரு தடவையோட விடறாளா? இன்னைக்குக் காலையிலயும் அதே தொல்லை. நான் ஊத்தினேன். "இல்ல தாத்தா, இன்னொரு தடவை"ன்னா. ஊத்தினேன். அதுவும் சரியில்லையாம். "என்னம்மா சரியில்ல? தண்ணி ஊத்தறதுல என்ன இருக்கு?"ன்னு கத்திட்டேன்.

அவ கேமராவை இறக்கிட்டு, பொறுமையா எனக்குச் சொல்லித் தர்றா. "கேமராவைப் பாக்காதீங்க தாத்தா. முன்னாடி செஞ்சீங்களே, யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு, அந்த மாதிரியே செய்யுங்க."